சீப்பும் முகிலும்

தலைவாரிய சீப்பு கடதாசித் துண்டுகளைக் கவர்வதைக் காணாத மாணவன் இல்லை. சீப்பு மின்னேற்றம் பெற்றுவிட்டது என்று அவன் கூறுவான், அது சரியே. கடதாசி எதிரேற்றம் உடையதாதலின் கவரப்பட்டது என்றும் அவன் தொடர்வானாயின், அங்கேதான் வழுக்குகின்றான். கடதாசியில் மிகையான ஏற்றம் எதுவும் இருக்கவில்லை. சீப்பின் அண்மையால் அதனுள்ளே எதிரின ஏற்றம் சற்று முன்னும் ஓரின ஏற்றம் சற்றுப் பின்னும் விலகின. ஆகவே கவர்ச்சியைச் சாட்சியாகக் கொண்டு ஒரு பொருளின் ஏற்றத்தைத் துணிதல் இயலாது. தள்ளுகையோ, இரு பொருள்களும் ஓரின ஏற்றம் உடையனவாக இருந்தாலன்றி நிகழாது. பொன்னிலை மின்காட்டிக்கும் இதுவே விதி. ஏற்றமறிந்த மின்காட்டியை ஒரு பொருள் அணுகும்பொழுது இலைகள் மேலும் விரிந்தால் தீர்ப்புக் கூறலாம், ஒடுங்கினால் கூறலாகாது. வெறுங்கையை அருகிற் கொண்டுசென்றாலும் இலைகள் ஒடுங்குமன்றோ?

கல்முனைக்கு மேற்கேயுள்ள நாவிதன்வெளியில் இச்சோதனையைச் செய்ய விழைவோர் காற்றின் இசைவையும் பெறல் வேண்டும். மலைநாட்டில் ஈரத்தை இழந்து மேற்கிலிருந்து இறங்கும் கச்சான், ஆனி ஆடி மாதங்களில் வயல்வெளிகளை வறளச் செய்யும். அப்பொழுது சீப்பும் பொலித்தீனும் சொற்கேட்கும். மாரியில், கிட்டங்கி வீதியை வெள்ளம் மேவும் நாட்களில், கண்ணாடிக் கோலின் மேற் படியும் மெல்லிய நீர்ப்படலமே ஏற்றத்தைக் கடத்திச் சென்றுவிடும். ஆசிரியர் கோலைத் தேய்த்துத் தேய்த்துக் களைப்பார், இலைகள் அசையா.

இதிலுள்ள முரண் யாதெனில், ஆய்வுகூடத்தில் நிலைமின்னியல் உறங்கத் தொடங்கும் ஐப்பசியிலேயே வானில் அது விழித்தெழுகின்றது. பிற்பகலில் வயல்களின் மேல் இடிமுகில் திரள்கின்றது. அதன் அடியில் உள்ளது நேரேற்றமா, மறையேற்றமா? மின்காட்டி எட்டாத பொருளின் ஏற்றத்தைத் துணிவது எங்ஙனம்?

இவ்வினா அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்தது. சிம்லாவில் இந்திய வானிலைத் திணைக்களத்திற் பணியாற்றிய ஜோர்ஜ் சிம்சன், மழைத்துளிகளின் ஏற்றத்தை அளந்து, அவை கொணரும் ஏற்றத்தில் நேரேற்றமே மிகுதி என 1909 இல் வெளியிட்டார். துளி உடையும்பொழுது நீர் நேரேற்றமும் சூழ்ந்த காற்று மறையேற்றமும் பெறும். ஆகவே முகிலின் அடி நேர், முடி மறை என்பது அவர் கொள்கை. இங்கிலாந்திலே சி. ரி. ஆர். வில்சன், மின்னல் வெட்டுந்தோறும் தரையில் மின்புலம் மாறுவதை அளந்து, முற்றிலும் எதிரான முடிவுக்கு வந்தார்: முடி நேர், அடி மறை. இருவரும் தரையில் நின்றவாறே முகிலைப் பற்றி வழக்காடினர் என்பதை மறத்தலாகாது. ஈற்றில் சிம்சனும் ஸ்கிரேசும், மின்னோட்டத்தின் திசைக்கேற்பக் கறைபடும் தாள் பொருத்திய கருவிகளைப் பலூன்களில் ஏற்றி முகிலுக்குள்ளேயே அனுப்பினர். 1937 இல் வெளியான பெறுபேறு வருமாறு: மேலே நேரேற்றம், கீழே மறையேற்றம், அடித்தளத்தில் ஆங்காங்கே சிறியதொரு நேரேற்றப் பகுதி. வில்சன் பெரிதும் வென்றார்; சிம்சன் கண்ட நேரேற்றமும் பொய்த்துவிடவில்லை. தாம் அனுப்பிய கருவியே தம் கொள்கையை மறுத்தபொழுது அதனை உள்ளவாறே வெளியிட்ட சிம்சனின் நேர்மை, அவருடைய கொள்கையினும் பெரிது எனலாம்.

முகிலடியின் மறையேற்றம் வயலுக்குச் செய்வது, சீப்பு கடதாசிக்குச் செய்ததையே. கீழேயுள்ள நிலம் தூண்டலால் நேரேற்றம் பெறும். உயர்ந்து நிற்கும் பனை, தென்னை, வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்கும் மனிதன் ஆகியோரின் முனைகளில் அது செறியும். அளவில் மட்டும் ஒப்புமை இல்லை. சீப்புச் சுமப்பது ஒரு கூலோமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. மின்னலொன்று சில கூலோம் முதல் சில பத்துக் கூலோம் வரை தரைக்கு இறக்கும். அவ்வாறு இறங்குவதும் மிகப் பெரும்பாலும் மறையேற்றமே. மழைக்கு அஞ்சி வரம்பிலுள்ள தனிமரத்தை நாடுவோர், நிலத்தின் நேரேற்றம் செறிந்த அம்முனையின் கீழேயே ஒதுங்குகின்றனர்.