இரண்டு வாளி

புதுக் காடியில் முதல் கீறலைப் போடுவது பெரும்பாலும் கழுவுகிற கைதான். காலை வெயிலில் போனெட்டைச் சாய்வாகப் பாருங்கள். வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். இரவில் பெட்ரோல் நிலைய விளக்குக்குக் கீழே இன்னும் நன்றாகத் தெரியும். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத காடிகளிலும் அவை உண்டு. யாரோ ஆசை ஆசையாகத் துடைத்ததன் தடயங்கள் அவை.

நான் லூமுட்டில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்கிறேன். பெர்லிஸில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படித்தவள். பெயிண்ட் பூசுவது வேறு ஆட்கள். பூசியது சரியான கனத்தில் இருக்கிறதா, பூசுவதற்கு முன் இரும்பின் மேல் எவ்வளவு உப்பு மிச்சம் இருக்கிறது என்று அளந்து எழுதுவது என் வேலை. போன வருஷம் ஒரு சிவப்பு மைவி வாங்கினேன். எங்கள் வீட்டின் முதல் காடி. 9 வருஷக் கடன். அதை எப்படிக் கழுவுகிறோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற விஷயம் என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் அப்படி முடியவில்லை.

முதலில், எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும். தொழிற்சாலையில் காடியின் தகட்டின் மேல் பொதுவாக 4 அடுக்குகள் விழுகின்றன. முழு உடலையும் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஒட்டவைக்கும் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 120 மைக்ரான். ஃபோட்டோஸ்டேட் எடுக்கிறோமே, அந்த ஏ4 தாளின் கனம்தான். நாம் பளபளப்பு என்று பார்க்கும் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவில் இருக்கும். தலைமுடி அதைவிடத் தடிமன்.

வேலையில் நான் பார்க்கும் பெயிண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமே இல்லை. 2006-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்ற தரவிதிப்படி, புது வணிகக் கப்பலின் பாலஸ்ட் தொட்டிக்குள்ளே பூச்சு 320 மைக்ரான் இருக்க வேண்டும். பூசுவதற்கு முன் இரும்பின் மேல் உப்பு ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கப்பலுக்குப் பெயிண்ட் போனால் மறுபடி மணலடித்து, கழுவி, பூசலாம். காடியில் கீறல் விழுந்தால் "பாலிஷ் போட்டா போயிடும்" என்பார்கள். போகும்தான். ஆனால் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறது. அந்த 40 மைக்ரான் 9 வருஷத்துக்கான சேமிப்பு. அதில் வட்டி சேராது, எடுக்கத்தான் முடியும்.

லூமுட்டில் அந்தச் சேமிப்புக்குச் செலவு கொஞ்சம் அதிகம். முதல் செலவு உப்பு. பங்கோருக்குப் போகிறவர்கள் ஜெட்டி பக்கம் காடியை விட்டுவிட்டு ஃபெர்ரி ஏறுவார்கள். மாசி மகம் என்றால் ஒரு நாள், இரண்டு நாள் அங்கேயே நிற்கும். திரும்பி வந்து கண்ணாடியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊர் இரவுகளில் பெரும்பாலும் அதற்கு மேல்தான். கடலோரம் நிற்கும் காடி மழை இல்லாத இரவிலும் நனைந்துதான் இருக்கிறது. பெயிண்ட் முழுசாக இருக்கும்வரை உப்பால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கல் தெறித்த புள்ளி, சக்கரத்துக்கு மேல் மடிப்பு, கதவின் அடி விளிம்பு, இந்த மாதிரி இடங்களில்தான் அது வேலையைத் தொடங்கும். கடலோரத்துக்காரர்கள் மேலே பளபளப்பாக்குவதைவிட அடியில் தண்ணீர் அடிப்பது முக்கியம்.

இரண்டாவது, மைனாவும் காகமும். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. மதிய வெயிலில் கிளியர் கோட் சூடாகி இளகும்போது அது அச்சுக் குத்தியது போல் பதிந்துவிடும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. காடியில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீரும் டிஷ்யூவும் இருக்கட்டும். ஈரமான டிஷ்யூவை எச்சத்தின் மேல் இரண்டு நிமிஷம் போட்டுவைத்து, ஊறிய பிறகு ஒற்றி எடுத்தால் போதும். சுரண்டக் கூடாது.

மூன்றாவது நம்முடையது, பூசை. காடி வந்த அன்றே கோயிலுக்குப் போனோம். ஐயர் போனெட்டில் சந்தனத்தைத் தடவி, மூன்று பட்டை விபூதி இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். 4 சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். சாறு டயரோடு நின்றது, நல்லவேளை. விபூதி சாம்பல், குங்குமத்தில் சுண்ணாம்பு, காய்ந்த சந்தனம் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். எதையும் காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. "ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும்" என்றார் அம்மா. "நாளைக்கே கழுவணும்மா" என்றேன். மறுநாள் மாலை நல்ல மழை. அம்மனே பார்த்துக்கொண்டாள் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம். மிச்சமிருந்த கறையை ஈரத் துணியால் ஊறவைத்து எடுத்தேன்.

மூன்றாம் ஞாயிறு நான் எழுந்து வெளியே வருவதற்குள் அப்பா காடியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு வாளி, பாத்திரம் கழுவும் சோப்பு, கிழிந்த பனியன். போனெட்டில் முழங்கையை ஊன்றி வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பட்டமளிப்பு விழாவில்தான் பார்த்திருக்கிறேன். "அப்படித் தேய்க்காதீங்கப்பா" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

காரணம் இருக்கிறது. அப்பா ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது. 13 வயதில் பள்ளிக்கூடம் நின்று பால்வெட்டுக்குப் போவதற்கு முன் ஒரு வருஷம் போல, துரையின் பங்களாவில் காடி கழுவினார். வாரம் ஒரு வெள்ளி. துரை வராந்தாவில் நின்றுகொண்டு விரலை நீட்டுவாராம், இங்கே, அங்கே என்று. துணி கீழே விழுந்தால் அதை மறுபடி காடியில் வைக்கக் கூடாது, அதற்கு ஒரு நாள் காது திருகு வாங்கியிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே பலமுறை சொன்ன கதை. அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வீட்டுப் போர்ச்சில், தன் வீட்டுக் காடியைக் கழுவுகிறார். நான் வாசலில் நின்று விரல் நீட்டினால், நான் யார்?

இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் முறை தப்பு என்று மொத்தமாகச் சொல்லவும் முடியாது. அவர் கழுவிய காலத்துக் காடிகள் பலவற்றில் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல்தோல். வெயிலில் அது சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும். அந்த வெளுத்த தோலைத் தேய்த்து எடுத்தால்தான் அடியில் இருக்கும் புது நிறம் பளபளக்கும். "மெழுகு போட்டுத் தேச்சா துணியில சாயம் ஒட்டும்மா, அப்பத்தான் ஷைனிங் வரும்" என்று அவர் சொல்வது உண்மை. கிளியர் கோட் பரவலானது 80-களுக்குப் பிறகு. அப்பாவின் கைக்குத் தெரிந்தது முந்திய பெயிண்ட். அந்தக் கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவருக்கு முன்னால் எழுந்தேன். இரண்டு வாளி எடுத்து வைத்தேன். "ஏம்மா ரெண்டு?" என்றார். "துரை காடியை எப்படிப்பா கழுவுவீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் கழுவினோம். ஒரு வாளியில் ஷாம்பூத் தண்ணீர். இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பலகையைத் துடைத்ததும், மறுபடி ஷாம்பூவுக்குப் போகும் முன் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். முடிந்ததும் அந்த வாளியை மெதுவாகச் சாய்த்தேன். தண்ணீர் லோங்காங்கில் போக, அடியில் ஒரு கைப்பிடி மணல் நின்றது. அப்பா குனிந்து விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "ஒரு வாளின்னா இதெல்லாம் மறுபடி காடிக்குத்தானே போவும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பால வடிகட்டாம ஸ்டோர்ல ஊத்துன மாதிரி" என்றார். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டு முறை இதுதான். காலை 9 மணிக்குள், அல்லது மாலை 6-க்கு மேல். போனெட்டைத் தொட்டால் சூடு இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் துடைப்பதற்குள் தண்ணீர் காய்ந்து பொட்டுப் பொட்டாக நிற்கும். முதலில் சக்கரங்கள், அதற்குத் தனித் துணி, தனி வாளி. பிரேக் தூள் இரும்புத் தூள், அது கூரைக்குப் போகக் கூடாது. பிறகு கை வைக்காமல் ரப்பர்க் குழாயில் மேலிருந்து கீழாகத் தண்ணீர், சக்கர வளைவுக்குள்ளும் அடியிலும் கூடுதலாக. மணலில் பெரும்பகுதி இங்கேயே போக வேண்டும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும், கிளியர் கோட் எம்மாத்திரம்? அப்புறம் கூரை, கண்ணாடி, போனெட், கதவு, கடைசியாக அடிப்பகுதி. நேர்க்கோட்டில், கையின் எடை மட்டும். பாத்திர சோப்பு மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும், காடி ஷாம்பூ வேண்டும். ஷாம்பூவின் முக்கிய வேலை வழுக்க வைப்பது, மிச்சமுள்ள மணல் உருண்டு போகட்டும் என்று. துவட்டும்போது பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு இழுத்தால் போதும். தேய்க்க வேண்டாம். எல்லாம் சேர்ந்து 40 நிமிஷம்.

காடி எடுக்கும்போது விற்பனையாளர் ஒருவர் 1,800 வெள்ளிக்குக் கோட்டிங் போடச் சொன்னார். கோட்டிங் மோசடி இல்லை, நல்லதும் இருக்கிறது. ஆனால் அதன் மேல் மணலோடு துணியை வைத்துத் தேய்த்தால் அதுவும் கீறும். கழுவும் பழக்கத்துக்கு மாற்று அதில் கிடையாது. நான் ஒரு டப்பா மெழுகு வாங்கினேன். புதுக் காடிக்கு மெழுகு போட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது பட்டறையில் பூசிய பெயிண்டுக்குப் பொருந்தும். தொழிற்சாலைப் பெயிண்ட் 140 டிகிரி சுற்றளவு சூட்டு அறையில் வெந்து வந்தது, முதல் வாரமே போடலாம். கையளவு இடத்துக்கு ஒரு பட்டாணி அளவு, மெல்லிசாக, நிழலில். மெழுகு நிரந்தரமில்லை. வெயிலையும் எச்சத்தையும் முதலில் தான் வாங்கிக்கொண்டு கரைந்து போவதற்குத்தான் அது இருக்கிறது. மழைத் தண்ணீர் மணி மணியாக உருளாமல் தகடு மாதிரிப் படுத்துவிட்டால் அடுத்த பூச்சுக்கு நேரம். எங்களுக்கு 2 மாதத்துக்கு ஒரு முறை வருகிறது.

டப்பாவில் கார்னாபா என்று போட்டிருந்தது. அப்பா என்னவென்று கேட்டார். பிரேசிலில் ஒரு பனை, அதன் ஓலையில் படியும் மெழுகு என்றேன். "ரப்பரும் அங்கேர்ந்துதானே வந்துச்சு" என்றார். ஆமாம், 1876-இல் அங்கிருந்து லண்டன் போன விதைகளின் வழி வந்த கன்றுகளைத்தான் அடுத்த வருஷம் கோலாகங்சாரில் நட்டார்கள். அங்கே இன்றும் ஒரு பழைய மரம் நிற்கிறது. "நம்மள வேலைக்குக் கூட்டி வந்த மரம்" என்று சொல்லிக்கொண்டே கதவில் மெழுகைத் தடவினார், மெல்லிசாக.

போன மாதம் துவட்டுகிற துணி என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நான் குனிவதற்குள் அப்பா அதை எடுத்துச் சக்கரத் துணிகளோடு போட்டுவிட்டார். "விழுந்தா விழுந்ததுதான். வேற எடும்மா." துரை காதைத் திருகிச் சொன்ன அதே விதி. அவர் வாயில் அதைக் கேட்டபோது எனக்கு ஒரு கணம் என்னவோ போல் இருந்தது. ஆனால் மணலுக்கு அது துரை காடியா, நம் காடியா என்று தெரியாது. காது திருகு துரையுடையது. துணியைப் பற்றிய அறிவு அப்பாவுடையது, வாரம் ஒரு வெள்ளிக்கு உழைத்து வாங்கியது. உள்ளே போய் அலமாரியிலிருந்து வேறு துணி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகுதான் போனெட்டில் விரித்தார்.