சிராங்கூன் சாலையில் குலுங்கிய காடி

பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு சிங்கப்பூர் புறப்பட்டோம். தங்கை மகளுக்குக் கல்யாணம். சேலை எடுப்பதென்றால் சிராங்கூன் சாலைதான் என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். காடி என் மச்சானுடையது. எங்கள் தோட்டத்துக்கு அதுதான் பாதி ஆம்புலன்ஸ். ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை டவுனுக்குப் போகும் பெரியவர் ஒருவர் அதை நம்பித்தான் இருக்கிறார்.

அந்தக் காடிக்கு இரண்டு மாதமாக ஒரு நோய். மெதுவாக ஓடும்போது திடீரென்று வெட்டி இழுக்கும். மிதியை இன்னும் அழுத்தினால் ஒன்றுமே நடவாததுபோலப் பாயும். டவுனில் ஒரு பட்டறையில் பிளக் மாற்றினார்கள், பிறகு பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். அறுநூறு வெள்ளி போயிற்று, நோய் போகவில்லை.

1924-இல் திறந்த ஜொகூர் பாலத்தில் வண்டிகளோடு வண்டியாக ஊர்ந்தபோதே முரண்டு பிடித்தது. தேக்காவில் சாப்பிட்டு, கேம்பல் லேனில் மல்லிகை வாங்கி, வீரமாகாளியம்மன் கோவிலைத் தாண்டும்போது ஒரே குலுக்கலில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு ஒரு முழ தூரத்தில் நின்றது. "காளியாத்தா!" என்று தங்கை கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சிங்கப்பூர்க்காரர்கள் செலவைக் குறைக்க ஜொகூர் பாருவுக்கு வந்து காடியைப் பழுது பார்ப்பார்கள். நாங்களோ தலைகீழாக, பெண்களைச் சேலைக் கடையில் விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்ன வழியில் சின் மிங் பக்கம் ஊர்ந்தோம். அங்கே பட்டறைகளும் மாடிக் கட்டடத்தில்தான். காடியை மேல்மாடிக்கே ஓட்டிப் போகலாம். 1990 முதல் அந்த ஊரில் காடி வைத்திருக்க உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. அதனால் எங்கள் கிழட்டுக் காடியைப் பார்த்து இளவட்டங்கள் சிரித்தார்கள். ஒரு தமிழ்ப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னென்ன மாத்தினீங்க?" என்றார். மச்சான் சொன்னார். "அளந்து பார்த்தாங்களா?" மச்சானிடம் பதில் இல்லை.

கணினிக் கருவியைச் சொருகிப் பார்த்தார். அதில் பழுது எதுவும் பதிவாகவில்லை. உடனே அலமாரியிலிருந்து ஒரு பழைய முள் மீட்டரை எடுத்தார். எஞ்சினுக்குக் காற்று போகும் வாயில் ஒரு தட்டு உண்டு. மிதியை அழுத்தினால் அது திறக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்வது அதன் அச்சில் மாட்டிய திராட்டில் பொசிஷன் சென்சார். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு தேய்ந்துபோனால் ஓரிடத்தில் கரகரக்குமே, அதே வேலைதான் இதற்குள்ளும். கரித்தடத்தின்மேல் ஒரு நாக்கு உரசிப் போகிறது.

சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் முதலில் கம்பிகளைச் சோதித்தார். 5 வோல்ட் வருகிறது; எர்த் சரி. கம்பிகளை ஆட்டியும் பார்த்தார். "கம்பி அறுந்திருந்தாலும் இதே நோய்தான் காட்டும். பார்க்காம சாமான் மாத்தினா காசுதான் போகும்" என்றார். பிறகு என்னை உட்கார வைத்து, "வாத்தியாரே, எறும்பு நகர்ற மாதிரி அமுக்குங்க" என்றார்.

முள் அரை வோல்ட்டில் தொடங்கி மெல்ல ஏறியது. கால்வாசி மிதி வருவதற்குள் சட்டென்று விழுந்து, மறுபடி எழுந்தது. மூன்று முறையும் அதே இடம். அதற்குமேல் நாலரை வோல்ட் வரை தடங்கலே இல்லை. அன்றாடம் நம் கால் அதிகம் நிற்பது அந்தக் கால்வாசியில்தான், தேய்ந்ததும் அங்கேதான். முள் விழும் கணத்தில், கால் எடுத்துவிட்டதாக நினைத்துக் கணினி பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. எண் காட்டும் மீட்டரில் இத்தனை சிறிய சறுக்கல் கண்ணில் படாமலே போகலாமாம்.

"இங்கே வாங்காதீங்க, ஜொகூர்லயே மலிவு" என்று சொல்லி, சென்சாரின் சொருகியைக் கழற்றிவிட்டார். பொய் சொல்லும் சாட்சியை விட, சாட்சியே இல்லாமல் கணினி தானாக ஊகித்து ஓட்டுவது இந்தக் காடிக்கு மேலாம். பார்த்த கூலி இருபது வெள்ளி மட்டும் வாங்கினார்.

எஞ்சின் விளக்கு சிவக்கச் சிவக்க, மந்தமாக, ஆனால் ஒரு குலுக்கலும் இல்லாமல் பாலத்தைக் கடந்தோம். மறுநாள் ஜொகூர் பாருவில் புதுச் சென்சாரைப் பையன் எடுத்து வந்து திருகாணியை முடுக்கப் போனான். மச்சான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, மீட்டர் இருக்கா? முள் மீட்டர்?"