டீன்ஸ் வீதியில் ஒரு கேள்வி

மருதானை புகையிரத நிலையத்தில் இறங்கி டீன்ஸ் வீதிப் பக்கம் போனால் பாதர் திஸ்ஸ பாலசூரியவின் நினைவு வந்துவிடும். அக்குவைனாஸ் கல்லூரியை நடத்திய அமலமரித் தியாகிகள் சபைக் குரு, அந்தப் பொறுப்பை விட்டு 1971இல் இந்த வீதியில் சமூக சமய நிலையத்தைத் தொடங்கினார். சுற்றிலும் ஆனந்தாக் கல்லூரி, சாஹிராக் கல்லூரி, பள்ளிவாசல், கப்பித்தாவத்தைக் கைலாசநாதர் கோயில். இங்கே இருந்து வேதாகமத்தைத் திறப்பவருக்கு அயலவரை மறந்து வாசிக்க முடியாது.

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மம்மா இரவுச் செபமாலை முடிந்ததும், செத்துப்போன பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சிக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துச் சொல்லுவா. மறைக்கல்வி வகுப்பிலோ, எல்லோரும் சென்மப் பாவத்தோடு பிறக்கிறார்கள், ஞானஸ்நானம்தான் அதைக் கழுவும் என்று படித்திருந்தோம். "அப்ப ஆச்சி எங்கை போயிருப்பா, அம்மம்மா?" என்று கேட்டேன். "அதை மாதா பாப்பா. நீ செபத்தைச் சொல்லு."

பாதர் 1990இல் எழுதிய 'மரியாளும் மனித விடுதலையும்' நூலைப் பின்னாளில் வாசித்தபோது அம்மம்மாவின் மாதா நினைவுக்கு வந்தா. தலை குனிந்து நிற்கும் சுரூபத்தை அல்ல, லூக்கா முதலாம் அதிகாரத்தில் வல்லவர் விழவும் பசித்தவர் நிறையவும் பாடும் ஏழைப் பெண்ணைத்தான் பாதர் முன்னே நிறுத்தினார். அதே நூலில் சென்மப் பாவப் போதனையையும் கேள்விக்கு எடுத்தார்: ஞானஸ்நானம் பெறாத கோடிக்கணக்கான ஆசிய மக்களைக் கடவுள் புறம்பாக்கி வைப்பாரா?

பாதர் தனி ஆளல்ல. களனியில் துலான நிலையத்தை அமைத்த அலோசியஸ் பீரிஸ் அடிகள் பௌத்த நூல்களோடு சேர்த்தே சுவிசேஷத்தை வாசித்தார். புத்தளையில் பௌத்த விவசாயிகள் நடுவே வாழ்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகள் 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சாவை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பாதர் பாலசூரியவின் நூலை உரோமை ஏற்கவில்லை. அவருக்கென அது தயாரித்த விசுவாச அறிக்கையில் கையெழுத்திட அவர் மறுத்தார். ஆறாம் பவுல் பாப்பரசரின் விசுவாச அறிக்கையில், தன் விளக்கக் குறிப்பு ஒன்றைச் சேர்த்துக் கையெழுத்திட்டார். அது போதாது என்றது உரோமை. 1997 ஜனவரி 2ஆம் திகதி, 72 வயதில், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். உலகின் பல மூலைகளிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. 1998 ஜனவரியில் விலக்கம் நீக்கப்பட்டது. 2013 ஜனவரி 17இல், 88 வயதில், குருவாகவே கண்மூடினார்.

மருதானையில் நின்று பார்த்தால், ஞானஸ்நானம் பெறாதவர்களைப் பற்றிய அந்தக் கேள்வி இயல்பானது. அம்மம்மா அதை வாயால் கேட்கவில்லை, ஒரு மந்திரத்தால் பதில் சொன்னா. பாதர் எழுத்தில் கேட்டார். விசுவாசத்தைக் காக்கும் பொறுப்பு உரோமைக்கு உண்டு என்பதை மதிக்கிறேன். ஆனால் கேட்டவரை விலக்கியது தவறு. தவறு ஓராண்டில் திருத்தப்பட்டது. அவர் கேட்ட கேள்வியை நம் மறைக்கல்வி வகுப்புகள் இனியாவது பிள்ளைகள் முன் வைக்க வேண்டும்.