லூர்துக்குப் பக்கத்தில் ஒரு காயலாங்கடை

லூர்து, பிரான்ஸ்
செப்டம்பர் கடைசி வாரம்

அன்புள்ள பாஸ்கர்,

புதுப்பேட்டையில் காயலாங்கடை வைத்திருப்பவனுக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுத முடியும். வேறு யாருக்கு எழுதினாலும் பாதிதான் புரியும். லூர்துக்கு வடக்கே சுமார் பத்து கிலோமீட்டரில் தார்ப் - லூர்து - பிரனீஸ் விமான நிலையம் இருக்கிறது. பக்தர்களும் நோயாளிகளும் வந்து இறங்குகிற அந்த ஓடுபாதையின் ஓரத்திலேயே பெரிய பெரிய விமானங்களை உடைக்கிறார்கள். நீங்கள் தெருவில் வண்டி உடைப்பீர்களே, அதேதான். சுத்தியல் சத்தம்தான் இல்லை.

வேளாங்கண்ணியைக் கிழக்கின் லூர்து என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த அத்தைக்கு, மேற்கில் இருக்கும் லூர்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அவரை அழைத்துக்கொண்டு தார்ப் நகரத்திலிருந்து டாக்சியில் வந்தோம். வயலும் சோளமும் தாண்டியதும் திடீரென்று வால்கள் தெரிந்தன. ஏ380 என்ற இரட்டை மாடி விமானத்தின் வால் தரையிலிருந்து 24 மீட்டர், எட்டு மாடி உயரம். பின்னால் பிரனீஸ் மலை நிற்பதால் கண் ஒரு நிமிடம் ஏமாந்துபோகிறது. பெயரும் சின்னமும் அழிக்கப்பட்டு வெள்ளையாக நின்றன சில. ஜன்னல்களில் வெள்ளித்தாள் ஒட்டி, எஞ்சின் வாய்களை உறைபோட்டு மூடியிருந்தார்கள். “எல்லாம் சாகவா வந்திருக்கு?” என்று அத்தை கேட்டார். டாக்சிக்காரரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிலது திரும்பிப் போகும், சிலது போகாது என்றார். இங்கே இறங்கும் எல்லாரிடமும் இதே பதிலைச் சொல்வார் போலிருக்கிறது.

அவர் சொன்னது உண்மைதான். இந்த இடத்தை நடத்தும் டார்மாக் ஏரோசேவ் 2007-இல் ஏர்பஸ், சஃப்ரான், சுயேஸ் ஆகியவை சேர்ந்து தொடங்கிய நிறுவனம். அதற்குச் சற்று முன்பு ஏர்பஸ் இங்கேயே ஒரு பழைய ஏ300-ஐப் பிரித்து, எடையில் 85 சதவீதத்தைத் திரும்பப் பயன்படுத்த முடியும் என்று காட்டியது. இப்போது 90-க்கு மேல் என்கிறார்கள். ஆனால் வந்து நிற்பதில் பல, உடைப்பதற்காக வந்தவை அல்ல. நிறுத்திவைத்த விமானத்தைச் சும்மா விட்டால் கெட்டுப்போகும். டயர் ஒரே பக்கம் அழுந்தாமல் அவ்வப்போது உருட்ட வேண்டும், ஈரம் உறிஞ்சும் சிலிகா பைகளை மாற்ற வேண்டும், எஞ்சினை முறைப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும். கோவிட் காலத்தில் லுஃப்தான்சா தன் ஏ380-களை ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் கொண்டுபோய் நிறுத்தியது. இனி அவை பறக்கா என்றே அந்நிறுவனம் நினைத்திருந்தது. பயணிகள் திரும்பினார்கள், புதிய விமானங்கள் குறித்த நேரத்தில் வந்து சேரவில்லை. 2023-இல் தூசி தட்டி மறுபடி பறக்கவிட்டார்கள்.

திரும்பாத ஒன்றின் கதையைச் சொல்கிறேன். 2007 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பயணிகளோடு பறந்த உலகின் முதல் ஏ380 நினைவிருக்கிறதா? டிக்கெட்டை இணையத்தில் ஏலம்விட்டு, வந்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார்கள். படுக்கையறை மாதிரி தனி அறைகள் இருந்ததைப் பத்திரிகைகளில் வாய்பிளந்து பார்த்தோம். அந்த விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமானதல்ல. ஜெர்மன் முதலீட்டு நிதி ஒன்று பத்து வருடக் குத்தகைக்கு விட்டிருந்தது. 2017-இல் குத்தகை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேறு யாரும் எடுக்கவில்லை. நான்கு எஞ்சின் குடிக்கும் எரிபொருள் ஒரு காரணம். முதல் தொகுதி விமானங்கள் பின்னால் வந்தவற்றைவிடக் கனமாக இருந்தது இன்னொன்று. உள்ளே இருக்கைகளை மாற்றுவதற்கே பெரும் பணம் வேண்டும். வெள்ளையடித்து இங்கே கொண்டுவந்தார்கள். எஞ்சின்கள் முதலில் கழன்று வாடகைக்குப் போயின. 2019-இல் மீதியைப் பிரித்தார்கள். பத்து வயது, பாஸ்கர்! உன் கடை வாசலில் நிற்கும் அம்பாசடரின் வயதில் கால்வாசிகூட இல்லை.

பிரிக்கிற வரிசை உனக்குப் பிடிக்கும். முதலில் எரிபொருளையும் ஹைட்ராலிக் எண்ணெயையும் வடிக்கிறார்கள். பிறகு எஞ்சின், வாலில் இருக்கும் துணை எஞ்சின், சக்கரக் கால்கள், விமானி அறைக் கணினிகள், வால்வுகள், பம்புகள். நடுத்தர விமானம் ஒன்றிலிருந்தே எண்ணூறு, ஆயிரம் பாகங்கள் விற்பனைக்குத் தேறும். மதிப்பின் பெரும்பங்கு எஞ்சினில்தான்.

உங்கள் தெருவுக்கும் இந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு காகிதம். நீ ஒரு கியர்பாக்ஸைத் தூக்கிப் பார்த்து, பல்லைத் தடவிப் பார்த்து, விலை சொல்வாய். இங்கே பாகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் பதிவேட்டைக் கேட்பார்கள். எஞ்சினுக்குள் சுழலும் ஒரு வட்டத் தகடு எத்தனை தடவை மேலேறி இறங்கலாம் என்று கணக்கு உண்டு, இருபதாயிரம், முப்பதாயிரம் என்று. அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளிலிருந்து எந்த விமானத்தில், யாரிடம், எத்தனை சுற்று ஓடியது என்று ஓர் இடைவெளியும் இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு தாள் காணாமல் போனால், பளபளவென்று மின்னினாலும் அது பழைய உலோகம்தான். 2023-இல் லண்டன் நிறுவனம் ஒன்று போலிச் சான்றிதழோடு எஞ்சின் பாகங்கள் விற்றது தெரியவந்தபோது, பல நாடுகளில் விமானங்களை நிறுத்தி எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. திரும்பப் பறக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கியதை இங்கே அப்படியே குப்பையில் போடுவதும் இல்லை. வெட்டி, துளைத்து, யாரும் தேய்த்து மெருகேற்றி விற்க முடியாதபடி ஆக்கிவிடுகிறார்கள்.

லூர்திலும் இதே காகிதக் கதைதான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் வளாகத்தில் ஒரு மருத்துவ அலுவலகம் உண்டு, 1883-இலிருந்து. குணமானேன் என்று வருபவரிடம் முன்னால் எடுத்த பரிசோதனை எங்கே, பின்னால் எடுத்தது எங்கே, சிகிச்சையால் குணமாகவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று மருத்துவர்கள் துருவுவார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் குணமானதாகச் சொல்லியிருக்கிறார்கள். திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டது எழுபது சொச்சம். ஊற்றுநீர் பிடிக்கும் வரிசையில் நின்ற அத்தையிடம் இதைச் சொன்னேன். “முட்டிக்கு எடுத்த எக்ஸ்ரே ஊர்லேயே இருக்கே” என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

பாகங்கள் போன பிறகு மிஞ்சும் கூட்டை வெட்டுகிறார்கள். அலுமினியம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. செம்பு கலந்தது ஒரு ரகம், துத்தநாகம் கலந்தது இன்னொரு ரகம். பிரித்து உருக்கினால் நல்ல விலை. கலந்துவிட்டால் கார் எஞ்சின் வார்ப்புக்குத்தான் போகும். அப்படிச் சுற்றி உன் தெருவுக்கே வந்து சேர்ந்தாலும் ஆச்சரியமில்லை. புதிய பெரிய விமானங்கள் சிலவற்றின் உடம்பில் ஏறக்குறைய பாதி கரியிழை. அதை உருக்கவே முடியாது. அவை கூட்டமாக வயதாகி இங்கே வரும்போது இவர்களுக்குத் தலைவலி காத்திருக்கிறது.

ஊரில் நாம் கேள்விப்படும் மறுவாழ்வு வேறு மாதிரி. 2022 நவம்பரில் கொச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு உணவகமாக்க லாரியில் போன பழைய ஏர்பஸ் ஆந்திராவில் பாலத்தடியில் மாட்டிக்கொண்டதே, அந்த வகை. இங்கே பக்கத்து துலூஸ் நகரத்தில் அதற்கு முந்தின மாதம்தான் எமிரேட்ஸ் ஏ380 ஒன்றின் மதுக்கூடம், படிக்கட்டு, இருக்கை எல்லாவற்றையும் ஏலம்விட்டார்கள். விமானத் தோலை வெட்டிச் சாவிக்கொத்து செய்து விற்பவர்களும் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் அது பாடம்பண்ணி வைத்த புலி. சாலையில் சிக்கியதும் படம் எடுக்க ஆயிரம் பேர் கூடுவார்கள். பெயர் தெரியாத ஒரு விமானத்தின் வயிற்றில் மறுபடி வேலைக்குப் போகும் பம்பை யாரும் படம் எடுப்பதில்லை.

இன்னொரு விந்தை. இதே விமான நிலையத்தின் ஒரு பக்கம் டாஹெர் என்ற நிறுவனத்தின் தொழிற்சாலையில் டிபிஎம் என்ற குட்டி விமானங்கள் புதிதாகப் பிறக்கின்றன.

கடைசியாக உன்னிடம் ஒரு கேள்வி. பிராட் அண்ட் விட்னியின் புது ரக எஞ்சினில் 2023-இல் உலோகக் குறை வெளிப்பட்டது உனக்குத் தெரியும், ஒரு கட்டத்தில் இண்டிகோவே எழுபதுக்கு மேற்பட்ட விமானங்களை நிறுத்தி வைத்தது. நல்ல எஞ்சினுக்கு அப்படிப் பஞ்சம். முழு விமானத்தை வாடகைக்கு விடுவதைவிட, எஞ்சின் இரண்டையும் கழற்றித் தனியாக விட்டால் அதிகம் வருகிறது. அதனால் ஐந்தாறு வயதே ஆன ஏ320 நியோக்களை, பழுதே இல்லாதவற்றை, ஐரோப்பாவில் உடைக்கிறார்கள். ஓடுகிற வண்டி, ஆர்.சி. புக் சுத்தம், ஷோரூம் வாசனைகூடப் போகவில்லை, அதை உன்னிடம் கொண்டுவந்து உடைத்துக் கொடு என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால் உடைப்பாயா? உன் அப்பா என்ன சொல்லியிருப்பார்? எழுது. அடுத்த வாரம் பாரிஸில் இருப்போம், முகவரி உன் தங்கையிடம் இருக்கிறது.

அன்புடன்,
சேவியர்