இறுதிவரை கேட்கும் கலை

ஒரு மொழி எப்போது இறக்கிறது? அதைத் தாய்மொழியாகப் பேசிய மக்கள் மறையும்போது என்பர் அறிஞர். ஆயின், அம்மொழியில் ஒருவர் மற்றொருவரிடம் எதையும் கேட்காத நிலை வரும்போதே அது மெய்யாக இறக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். பள்ளிகளில் இலத்தீன் கற்பிக்கும் முறை கடந்த நூற்றாண்டில் அடைந்த மாற்றங்களை நோக்குவோர்க்கு இவ்வுண்மை விளங்கும்.

எண்பதுகளின் இறுதியில் சிறு குருமடத்தில் இலத்தீன் பயின்ற எங்கள் தலைமுறை, 'ரோசா' என்னும் சொல்லின் வேற்றுமை வடிவங்களை வாய்ப்பாடு போல் ஒரே குரலில் ஒப்பித்தது. அம்மனனம் வீணன்று. எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது அந்நியமாகவும் தோன்றவில்லை. எனினும், "உன் பெயர் என்ன?" என்று இலத்தீனில் எவரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. அம்மொழி எங்களுக்குக் கல்வெட்டாக இருந்தது, குரலாக இருக்கவில்லை.

இக்குறையை நெடுநாட்களுக்கு முன்பே உணர்ந்தவர், கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயரான டபிள்யூ. எச். டி. ரௌஸ். 1902 முதல் 1928 வரை கேம்பிரிட்ஜ் நகரின் பெர்ஸ் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த அவர், இலத்தீனை இலத்தீன் வழியாகவே கற்பிக்கும் முறையை வளர்த்தார். அம்முறையில் ஆசிரியர் எழுந்து நின்று 'சுர்கோ' என்பார். எழுகிறேன் என்பது பொருள். நடந்துகொண்டே 'அம்புலோ' என்பார். செயலைக் கண்ட மாணவன் சொல்லைப் பற்றிக்கொள்வான். அகராதிக்கு அங்கே வேலையில்லை.

1970இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிரிட்ஜ் இலத்தீன் பாடநூல் வேறொரு வழியைக் கண்டது. இலக்கணத்தைக் கதைக்குள் வைத்தது. பொம்பேயி நகரில் கைக்கீலியுஸ் என்னும் வட்டிக்கடைக்காரரின் இல்லம். அங்கே மனைவி, மகன், சமையற்காரர், அடிமை, நாய். இவர் வெறும் கற்பனைப் பாத்திரம் அல்லர். இவருடைய கணக்குகள் எழுதப்பட்ட மெழுகுப் பலகைகள் 1875இல் அவரது இல்லத்திலேயே கண்டெடுக்கப்பட்டன. முதற் புத்தகத்தின் முடிவில், கி.பி. 79இல், வெசூவியுஸ் எரிமலை வெடிக்கிறது. மாதக்கணக்கில் அக்குடும்பத்தோடு பழகிய பிள்ளைகள் அப்பாடத்தை வெறும் மொழிபெயர்ப்புப் பயிற்சியாக எவ்வாறு கடந்துபோவர்? 2022இல் வந்த ஐந்தாம் பதிப்பு, லூசியா என்னும் மகளையும் அவ்வில்லத்தில் சேர்த்து, பெண்களின் குரலுக்கும் அடிமைகளின் நிலைக்கும் கூடுதல் இடம் அளித்தது.

பின்னர்க் கணினி வந்தது. திரையில் ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பொருள் தோன்றுகிறது. இடிந்துபோன பொம்பேயி இல்லங்கள் கூரையோடும் தோட்டத்தோடும் மீண்டும் எழுந்து நிற்கின்றன. இவற்றை நாம் நன்றியோடு வரவேற்கிறோம். ஆயின் இன்றோ, ஒரு பக்க இலத்தீனை நொடிப்பொழுதில் மொழிபெயர்த்துத் தரும் செயற்கை நுண்ணறிவு மாணவனின் கையிலேயே இருக்கிறது. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இலத்தீன் வாக்கியத்தில், தமிழில் போலவே, வினைச்சொல் பெரும்பாலும் இறுதியில் வரும். யார், யாரை, எங்கே என்பன தெரிந்தபின்னும், என்ன செய்தார் என்பதற்காகக் காத்திருக்க வேண்டும். அக்காத்திருத்தலே இம்மொழி தரும் பயிற்சி. பிறர் சொல்வதை முடிவுவரை கேளாமலே பொருளைப் பெற்றுவிடும் பிள்ளை, சொற்களை அடைகிறது, செவியை இழக்கிறது.

இப்பயிற்சி யாருக்குக் கிட்டுகிறது என்பதும் சிறிய வினாவன்று. 2021இல் இங்கிலாந்து அரசு வெளியிட்ட கணக்கின்படி, தனியார் பள்ளிகளுள் 49 விழுக்காடும், அரசுப் பள்ளிகளுள் 2.7 விழுக்காடும் மட்டுமே தொடக்க உயர்நிலை வகுப்புகளில் இலத்தீன் கற்பித்தன. இந்த இடைவெளியைக் குறைக்க 40 அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கப்பட்ட திட்டத்திற்கான நிதி, 2025 பிப்ரவரியில், கல்வியாண்டின் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. கருவிகள் மலிந்துவிட்ட காலத்தில் ஆசிரியருக்குரிய ஊதியமே அரிதாகிவிட்டது! ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திரை போதும், செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் வேண்டும் என்று உலகம் வகுத்துக்கொள்ளுமாயின், அது கல்வியாகுமா?

இக்காலத்தில் இலத்தீனால் என்ன பயன் என்று கேட்போர் 2013 பிப்ரவரி 11ஆம் நாளை நினைவுகூரலாம். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், கர்தினால்கள் முன்னிலையில் தம் பணித்துறப்பை இலத்தீனில் அறிவித்தார். வத்திக்கான் செய்தியாளர் அறையில் அந்நிகழ்ச்சியின் ஒளிபரப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஜொவான்னா கீர்ரி என்னும் இத்தாலியச் செய்தியாளர், தாம் கேட்டதைப் புரிந்துகொண்டார். உலகிற்கு அச்செய்தி அவர் வழியாகவே விரைந்து சென்றது. மொழிபெயர்ப்புக்காக அவர் காத்திருக்கவில்லை. முதியவர் ஒருவரின் தளர்ந்த குரலுக்கே செவிகொடுத்தார்.

எந்தப் புதிய கருவி வந்தாலும், வகுப்பறையில் இரண்டு பொருள்கள் நிலைத்திருக்க வேண்டும்: கேட்பதற்கு ஒரு குரல், மறுமொழிக்காகப் பொறுத்திருக்கும் ஒரு முகம். இவ்விரண்டும் உள்ள இடத்தில் ஈராயிரம் ஆண்டு பழைய மொழியும் பிள்ளையோடு பேசும். பிறரை இறுதிவரை கேட்கப் பழகிய பிள்ளை, எந்த மொழியில் வாழ்ந்தாலும் மனிதரை அறியும்.