சுண்ணாம்புத் தெளிநீர்

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். கல்லில் படரும் இளஞ்சிவப்புப் பாசியும் நத்தைகளும் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டத்தான் சுண்ணாம்புத் தெளிநீர்.

சுத்தமான நீரில் லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கலக்கி, மூடித் தெளியவிடுங்கள். மேலே ஆடைபோல் படிவது கரியமில வாயு பட்டு உருவான கால்சியம் கார்பனேட். அதையும் வண்டலையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ள தெளிவை மட்டும், ஆவியான நீருக்கு ஈடாக, இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இந்தத் தெளிநீரின் பிஎச் 12-க்கு மேல்; மொத்தமாகக் கொட்டினால் மீன் செத்துவிடும்.

தொட்டியில் பவளம் மட்டும் வைக்க வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஓடு கட்டி வாழும் உயிர்களை, தொட்டியிலும் கடலிலும், நாம்தான் காப்பாற்ற வேண்டும்.