நாய் குறுக்கே வந்தது

"சார், போட்டோ எடுக்க இனிமே சர்வேயர் எதுக்கு? கஸ்டமரே வீடியோ அனுப்பிடறாரே." இந்த முறை சர்வேயர் உரிமத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று நான் சொன்னதும், ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் பிரிவில் இருக்கும் பையன் ஆறுதலாகச் சொன்னது இது. கிண்டலாக இருந்திருந்தால் பதில் கொடுத்திருப்பேன். அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான்.

மோட்டார் சர்வேயர் என்பவர் அடிபட்ட வண்டியின் சேதத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கணக்கிடுகிறவர். புனேயின் ஹடப்சரில் அவர் என்றால் சோலாப்பூர் ரோட்டோடு குடித்தனம் நடத்துகிறவர் என்று பொருள். பண்டர்பூர் யாத்திரையில் ஞானேஸ்வர் பல்லக்கு திவே காட் பக்கமும் துகாராம் பல்லக்கு லோணி பக்கமும் பிரிந்து போவது இந்த ஊரில்தான். மற்ற நாட்களில் இங்கே பிரிவது பம்பர். 2006 கடைசியில் ஸ்வார்கேட்டிலிருந்து இங்கே வரை பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டார்கள், நாட்டிலேயே முதல் பி.ஆர்.டி. என்று. அதன் கல் விளிம்பில் ஏறி லோயர் ஆர்ம் வளைந்த வண்டிகள் எங்களுக்குப் பல வருடம் சோறு போட்டன.

கணக்குப் போடுவது பெரிய வித்தை இல்லை. தேய்மானமாகக் கழிப்பது பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதி, ஃபைபருக்கு 30 சதவீதம், கண்ணாடிக்கு ஒன்றும் கழிக்க வேண்டாம், பெயிண்ட் பில்லில் கால் பங்கை மெட்டீரியலாக வைத்து அதில் பாதி, மொத்தச் செலவு பாலிசியில் குறித்த வண்டி மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். இந்தக் கணக்கை மெஷின் போடட்டும், எனக்கு வருத்தமில்லை. மெஷினுக்கு வராதது வேறு. கிளெய்ம் ஃபார்மில் "விபத்து எப்படி நடந்தது" என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் தொழில் முழுக்க அந்தக் கட்டத்துக்குள்தான்.

அந்தக் கட்டத்தில் ஹடப்சரில் பாதிப் பேருக்கு நாய்தான் குறுக்கே வரும். நாய் வந்தது, பிரேக் போட்டேன், டிவைடரில் மோதியது. கையெழுத்து வண்டிக்காரருடையது, வாசகம் கராஜ்காரருடையது. இந்தப் பக்கத்து நாய்கள் மேல் ஏறிய பழியை எல்லாம் சேர்த்தால் மாநகராட்சியே தாங்காது.

இந்தக் கட்டத்தை வாசிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் இருந்த ஒரு டிங்கர். தாத்யா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நானோ ஆட்டோமொபைல் டிப்ளமாவோடு போய் நின்றேன். எஸ்டிமேட்டை எடுத்தால் கையைத் தட்டிவிடுவார். முதலில் வண்டியைச் சுற்றி வரவேண்டும், பிறகு குந்தி உட்கார்ந்து அடியில் பார்க்கவேண்டும், அதுவரை பேசக் கூடாது. ஒரு முறை முன்பக்கம் நொறுங்கிய கார் வந்தது. ஃபார்மில் வழக்கம்போல நாயும் டிவைடரும். "பம்பரைப் பார்" என்றார். பம்பர் ஏறக்குறைய முழுசாக இருந்தது. பானெட்டும் கண்ணாடியும் பில்லரும்தான் போயிருந்தன. டிவைடர் அவ்வளவு உயரத்துக்கு எழும்புமா? பானெட் கீலுக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு கரும்புத் தோகையை உருவி என் கையில் கொடுத்தார். தீபாவளி கழிந்தால் சோலாப்பூர் ரோட்டில் பின் விளக்கில்லாத கரும்பு டிராலிகள் ராத்திரியெல்லாம் போகும். அதன் பின்னால் போய்ச் செருகிய வண்டி அது. போலீசுக்குப் பயந்து நாயைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே பணம் வந்திருக்கும்.

ஹெட்லைட் பல்பைக் குப்பையில் போட விடமாட்டார். எரிந்துகொண்டிருக்கும்போது உடைந்த பல்பில் இழை கருத்து, மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி படிந்திருக்கும். அணைந்திருந்தபோது உடைந்தால் இழை பளபளவென்றே இருக்கும். ராத்திரி பத்து மணி விபத்தா, பகல் விபத்தா என்று அந்த இழை சொல்லிவிடும். கிழிந்த தகடு மழைக்காலத்தில் ஓரிரு நாளில் சிவந்துவிடும், ஆனால் நேற்றைய விபத்தில் பழுப்புத் துரு இருந்தால் அது போன மாதத்து அடி. இப்போதைய துத்தநாகப் பூச்சுத் தகட்டில் இது பலிக்காது, எல்.இ.டி. வந்தபின் இழையும் இல்லை. ஆனால் தாத்யா சொல்லிக்கொடுத்தது துருவையும் இழையையும் மட்டுமா? கதையும் காயமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கிற கண்ணை அல்லவா.

அந்தக் கண்ணை வைத்து கிளெய்மை அடிப்பவர் சர்வேயர் என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். காப்பாற்றுவதும் உண்டு. இங்கே மகர்பட்டாவில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன் ஒருவன், ஆறடி உயரம், தானே ஓட்டியதாக எழுதியிருந்தான். டிரைவர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் தள்ளியிருந்தது, உள்கண்ணாடியும் கீழே இறங்கியிருந்தது. "தம்பி, இந்த சீட்ல உன் முழங்காலை எங்க வெச்ச?" என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "அக்கா ஓட்டினாங்க சார். பாலிசி என் பேர்ல இருக்கு, அதனால நான் ஓட்டினதா எழுதச் சொன்னாங்க கராஜ்ல." அக்காவுக்கு லைசென்ஸ் நடப்பில் இருந்தது. சொந்தக்காரர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் தனியார் கார் பாலிசியில் பணம் உண்டு. டிரைவர் பெயரில் சொன்ன பொய்தான் வினை. அக்கா விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருந்தால், அந்தக் காகிதம் ஒன்றே போதும், தகவல் மறைப்பு என்று முழு கிளெய்மும் போய்விடும். ஃபார்மைத் திருத்தி வாங்கினேன், பணம் வந்தது. வீடியோ எடுக்கச் சொல்லும் ஆப் முன்பக்கம், பின்பக்கம், நம்பர் பிளேட் எல்லாம் கேட்கிறது. சீட்டைக் கேட்பதில்லை.

விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்க்கும் ஸ்பாட் சர்வே என்பதே அருகிவிட்டது. வண்டி கராஜுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குப் போன் வரும். அதற்குள் சம்ப் அடிபட்டு ஆயில் ஒழுகிய வண்டியை "பக்கத்துலதானே" என்று ஓட்டிக்கொண்டே வந்து எஞ்சினை ஜாம் செய்திருப்பார்கள். பழுதோடு ஓட்டி அதிகமான சேதம் ஓட்டியவர் தலையில் என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. சம்புக்கு மட்டும் எழுதினால் திட்டு எனக்கு. 2019 செப்டம்பர் 25 ராத்திரி புனேயில் வெள்ளம் புகுந்தபோதும் இதே கதை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் விட்டவர்கள் தப்பித்தார்கள். சாவியைத் திருகிப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு கனெக்டிங் ராடு வளைந்தது!

இன்சூரன்ஸ் சட்டம் 1938-இலிருந்து இருக்கிறது. அதன் 64யூஎம் பிரிவுதான் எங்களுக்கு ஆதாரம். உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம் என்ற வரம்பு முன்பு 20,000 ரூபாய், மோட்டாரில் பிறகு 50,000 ஆனது. அதற்குக் கீழே கம்பெனி ஆளே பார்த்து முடிக்கலாம். ஹடப்சரில் விழும் அடிகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழேதான், ஆகவே புதிதாக வரும் பையன்களுக்குக் கைபழகச் சின்ன வேலையே கிடைப்பதில்லை. நேராக டோட்டல் லாஸில் வந்து நிற்கிறார்கள். குந்தி உட்காரச் சொன்னால் பேண்ட் அழுக்காகும் என்கிறார்கள். சர்வேயர் ரிப்போர்ட் கடைசி வார்த்தை அல்ல என்று 2009-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்புதான், ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அதிகம். தகுந்த காரணமில்லாமல் ரிப்போர்ட்டை ஒதுக்க முடியாது என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி 15 நாளில் ரிப்போர்ட் வரவேண்டும். கொடுத்துவிடலாம். பிரித்துப் பார்க்க இடமில்லை என்று கராஜ் ஒரு வாரம் வண்டியை வெயிலில் நிறுத்தி வைத்தால், அந்த வாரமும் சர்வேயர் தாமதம் என்றே ஃபைலில் ஏறுகிறது.